கட்டிலார் கேட்காத கட்டில்

எங்கள் சேவைச் சங்கத்தில் மேடை ஏற ஆள் உண்டு, மைக் பிடிக்க ஆள் உண்டு, போட்டோவில் முன்வரிசைக்கு முட்டி மோத என்னையும் சேர்த்து நிறைய ஆள் உண்டு. கட்டிலைத் தூக்க மட்டும் ஒரே ஒருவர். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பழைய ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று சங்கத்துக்கு வந்தபோது, துருப்பிடித்த கைப்பிடியைக் கழற்றி, எண்ணெய் விட்டு, தலைமாடு ஏறி இறங்கும்படி செய்தார். அன்றிலிருந்து அவர் கட்டிலார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு அதை இரவல் கொடுப்பது, திரும்ப எடுத்து வருவது, கழுவி வைப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தது.

நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கட்டில் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான் திரும்பி வரும். அதில் படுத்தவர் எழுந்ததில்லை என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு. அதனால் கட்டிலார் வாசலில் நின்றாலே வீட்டுக்காரர்கள் உள்ளே ஓடிப் போய்ப் படுத்திருப்பவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். "இப்ப எப்படி இருக்காரு?" என்று அவர் விசாரித்தால், "இன்னும் இருக்காரா?" என்றுதான் அவர்களுக்குப் படும். ஆகவே தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர்களாகக் கூப்பிடும்வரை அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.

போன வாரம் அந்தச் சட்டமே அவர் கழுத்தை நெரித்தது. அவருடைய அக்கா நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், ஆனால் தலையை உயர்த்தியேதான் படுக்க வைக்க வேண்டும், தட்டையாகப் படுத்தால் மூச்சுத் திணறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக் கடையில் கட்டில் எதுவும் கையிருப்பில் இல்லை. சங்கத்துக் கட்டிலோ முதுகெலும்பில் அடிபட்ட தையல்காரர் வீட்டில்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா குடுத்திடுவாருங்க," என்றேன்.

"குடுத்திடுவாரு சார். அதுதான் பயமா இருக்கு."

அன்று கடையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றியவர் பாதியில் கணக்கை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்றினார். தலையணைகளை அடுக்கிப் பார்க்கலாமா என்றார். தூக்கத்தில் அக்கா சரிந்துவிட்டால் என்ன செய்வது என்று அவரே மறுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"காலைல ஒரு நிமிஷம் தோணிடுச்சு சார். தையல்காரருக்கு ஏதாவது ஆயிட்டா கட்டில் கிடைக்குமேன்னு. நான் எல்லாம் மனுஷனா?"

அப்போதுதான் போன் அடித்தது. தையல்காரரின் மனைவி. "அண்ணே, கட்டில எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள். பின்னால் ஒரே கூச்சல். அதோடு லைன் அறுந்துவிட்டது.

கட்டிலார் முகத்தில் ஈயாடவில்லை. திருப்பிக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். "என்னன்னு கேப்பீங்க?" என்று தடுத்துவிட்டார். "எனக்குக் கருநாக்கு சார். சொல்லி வாய மூடல."

தையல்காரர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் அவர் வண்டியை விட்டு இறங்கவே மறுத்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். உண்மையில் எனக்கும் துணை வேண்டியிருந்தது.

உள்ளே, அக்கம்பக்கத்தார் சூழ்ந்திருக்க, தையல் மெஷினை இரண்டு கையாலும் பிடித்தபடி தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். வியர்த்துக் கொட்டியது.

"வாங்கண்ணே! காலைலேர்ந்து எழுந்து எழுந்து நிக்கிறேன். இனிமே சாதாக் கட்டிலே போதும்னுட்டாரு டாக்டர். இத எடுத்துட்டுப் போங்க, யாருக்காவது அவசரமா இருக்கும்."

கட்டிலார் கட்டிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குனிந்து தையல்காரரின் முழங்கால்களைத் தொட்டுப் பார்த்தார், கடையில் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பது போல. "நல்லா ஊனி நில்லுங்க," என்றார்.

மறுநாள் அக்காவைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குள் தள்ளி வந்தோம். கட்டிலைக் கண்டதும் அவர் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"யாருடா போனது?"

"யாரும் போகலக்கா. தையல்காரர் எழுந்து நின்னுட்டாரு. நான் தொட்டுப் பாத்தேன்."

"எனக்காகப் பொய் சொல்றியா?"

"உன் மேல சத்தியமா."

அக்கா நிலையிலிருந்து கையை எடுத்தார்.

"சரி, தலைமாட்ட ஏத்து. மூச்சு வாங்குது."