நாலு வால் கார்டு

“ஏட்டி, மாடிக்குப் போய் செல்லுல இருந்து வீட்டு நம்பரை அடி” என்றான் அண்ணன். பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டரில், நாலு கேபிள் வாலாகத் தொங்கும் அந்தக் கார்டை மறுபடி மாட்டி, மோடத்தையும் போனையும் இணைத்திருக்கிறான். அடித்தேன். ஒரே மணிதான். அப்புறம் காதுக்குள் மோடத்தின் அந்தப் பழைய கீச்சல்.

வாலுக்கு ஒரு மோடம், மோடத்துக்கு ஒரு போன். நாலு பேர் ஒரே நேரத்தில் போன் வழியாகக் கூப்பிட்டு, எங்கள் கம்ப்யூட்டரில் கடிதம் போட்டுப் படிக்கலாம் என்பான், ஊருக்கு இன்டர்நெட் வராத அப்போது. எங்கள் தென்காசி வீட்டில் இருந்ததோ ஒரே போன். மூன்று வால் சும்மா தொங்கும்.

போன் அடித்தால் மோடம் தானே எடுத்துவிடும்; அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் அதை அணைத்துவிட வேண்டும். சவூதியிலிருந்து வாப்பா கூப்பிடும் நாள். உம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு வெள்ளி, குற்றாலத்தில் தண்ணி விழுதென்று கேட்டதும் அண்ணன் அணைக்க மறந்து ஓடிவிட்டான். போன் அடித்தது. உம்மா எடுப்பதற்குள் மோடம் எடுத்துக் கீச்சிட்டது. வயரைத் தொட அவளுக்குப் பயம். ரிசீவருக்குள் “கேக்குதா? கேக்குதா?” என்று கத்தினாள். லைன் போய்விட்டது. மூன்று தடவை இப்படியே.

அடுத்த வெள்ளி வாப்பா சலாம்கூடச் சொல்லவில்லை. “யாரு மௌத்தாப் போனது? அன்னைக்கு வீடே அழுததைக் கேட்டேனே. எங்கிட்ட மறைக்காதிய.” எங்கள் குரலை ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். வாப்பா நின்ற பக்கத்திலிருந்து நான் அதைக் கேட்டது இன்றுதான். கீழே அண்ணன் ரிசீவரை எடுத்து, “கேக்குதாட்டி?” என்று கத்தினான். கீச்சலுக்குள் அது அழுகையாகத்தான் கேட்டது.