எட்டு முறை விலகியவர்

களத்து அக்கா அலுவலக வாசலில் வந்து நின்றபோது அவருடைய கால்களில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. முதலாளியின் வயலில் நடவு நட்டுவிட்டு, ஆலைக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்திருந்தார். உள்ளே வராமல், "சாப்ட்டியா பாப்பா? வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்காத" என்றார். அந்த நேரத்தில் கணினித் திரையில் அவருடைய பெயருக்கு நேரே, வேலையை விட்ட காரணம் கேட்கும் கட்டத்தில், "சொந்த விருப்பம்" என்பதை நான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். "சாப்ட்டேன்க்கா" என்றேன். கை நிற்கவில்லை. அது ஏன் நிற்கவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த அரிசி ஆலையில் பி.காம் படித்த கையோடு சேர்ந்தேன். பி.எஃப். பிடிக்கப்படும் தொழிலாளர்களில் இந்த மாதம் யார் புதிதாகச் சேர்ந்தார்கள், யார் விலகினார்கள், விலகியவர்களில் யார் திரும்பி வந்தார்கள் என்பதை மாதாமாதம் இணையத்தில் ஏற்றுவது என் வேலை. நாடு முழுவதிலும் இப்படி ஏற்றப்படுவதைக் கூட்டித்தான், எந்தத் தொழிலில் எத்தனை பேர், எந்த வயதில் எத்தனை பேர் என்று மாதந்தோறும் பத்திரிகையில் வருகிறது. பதினெட்டு வயதிலிருந்து சின்னச் சின்னதாக வயதைப் பிரித்துக்கொண்டே வருவார்கள். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் எல்லோருக்கும் ஒரே கட்டம். களத்துப் பெண்கள் பெரும்பாலும் அந்தக் கட்டம்தான். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலில் காலால் துழாவித் துழாவிக் காயவைப்பவர்கள். அவர்களுக்குத் தலைவி என்பதால் அவர் களத்து அக்கா.

புரட்டாசியில் ஆலையில் வேலை குறையும். அப்போது களத்துப் பெண்கள் அத்தனை பேரும் முதலாளியின் சொந்த வயலில் சம்பா நடவுக்குப் போவார்கள். யாரும் விடுப்புக் கேட்டதில்லை. முதலாளி வீட்டு நடவும் ஆலை வேலையைச் சேர்ந்ததுதான் என்பது அவர்கள் எண்ணம். அக்காவின் அம்மாவும் அதே வயலில் நட்டவர். நடவு முடிந்ததும் கால் கழுவிக்கொண்டு களத்துக்குத் திரும்பிவிடுவார்கள். இந்த வழக்கத்தைத்தான் மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"ஆலைக்கு வரலைன்னா நின்னுட்டாங்கன்னுதாம்மா அர்த்தம். இந்த மாசம் வெளியே எடுத்துடு, அடுத்த மாசம் திரும்பச் சேத்துடு."

சேர்ந்த முதல் வருடம் அதுதான் முறை என்று நம்பினேன். ஐந்து வருடம் விடாமல் வேலை பார்த்தவரை நிறுத்தினால் பணிக்கொடை தரவேண்டும் என்ற விதியை இரண்டாம் வருடம்தான் படித்தேன். ஒரே ஒரு முறை கேட்டேன். "சார், அவங்க நம்ம மொதலாளி வயல்லதானே சார் நிக்கிறாங்க?" மேனேஜர் சிரித்தார். "நீ பி.காம் படிச்சியா, வக்கீலுக்குப் படிச்சியாம்மா?" அதோடு வாயை மூடிக்கொண்டேன். ஆட்சி மாறும்போதெல்லாம் முதலாளியின் அறையில் தலைவர் படமும் மாறும். அதைத் தவிர எதுவும் மாறாத இடம் அது.

நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த ஆகஸ்டில் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "பிரசவ லீவெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. உன் பேரையும் எடுத்துடும்மா. நீ பாட்டுக்கு வேலைக்கு வா, யாரு வேணாங்குறா?" என் பெயரைத் தேடி, என் கையாலேயே என்னை விலக்கினேன். அதற்கும் சொந்த விருப்பம்தான் காரணம். மறுநாளும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நவம்பர் வரை அப்படியே உட்கார்ந்தேன். "இப்ப எதுவும் பேசாத, இருக்கறதும் போயிடும்" என்றார் கணவர். அவர் சொன்னது தப்பென்றும் தோன்றவில்லை, சரியென்றும் தோன்றவில்லை.

தை மாதம் ஆலையில் நெல் காயவைக்கும் இயந்திரம் வந்தது. ஒரே நாளில் களம் காலியானது. அக்கா நேராக என் அம்மா வீட்டுக்கு வந்தார். மகளுக்கு அப்போது இரண்டு மாதம். குழந்தையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஒம்போது வருசம் ஒழைச்சதுக்கு ஒண்ணும் கெடையாதாம் பாப்பா. நீங்கதான் வருசா வருசம் நின்னுட்டீங்களே, கம்ப்யூட்டர்ல இருக்குங்கறாரு மேனேஜரு. அதுல நீதானே ஒக்காந்திருந்த?"

சொன்னேன், எல்லாவற்றையும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "எங்கம்மா காலத்துல கூலி நெல்லு கொறஞ்சா மரக்காலத் தூக்கி நடுவுல வெச்சு, எத்தன அளந்தேன்னு கேப்பாங்க. சண்ட போட எதுக்க ஒரு ஆளு நிப்பான். இந்தப் பொட்டிக்குள்ள பூந்து நான் யாருகிட்ட கேக்கறது?" என்றார். பிறகு, "லேபர் ஆபீசுல மனு குடுக்கப் போறோம். நீ வந்து சொல்லிடு பாப்பா" என்றார்.

மூன்று வாரம் தூக்கம் இல்லை. பொய்யாகப் பதிந்தது நான்தானே, என்மீதே வழக்கு வந்தால்? பால் குடிக்கும் பிள்ளையோடு ஆபீஸ் படி ஏறுவதா? போகாவிட்டால் நான் யார்? பதில் எதுவும் கிடைக்காமலேயே கிளம்பிப் போனேன்.

நாகப்பட்டினத்தில் தொழிலாளர் அதிகாரியின் அறையில் மேனேஜர் கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். மாதாமாதம் நான் ஏற்றியவற்றின் நகல்கள். பிறகு என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு ஆகஸ்ட்லயே வேலைய விட்டுப் போயிடுச்சு சார். அந்தக் கோவத்துல பேசுது" என்றார். அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

"ஆகஸ்ட்ல போனவங்க அக்டோபர் தாள்ல எப்படிங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

களத்துப் பெண்களை விலக்கிய தாள் அது. தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வேண்டும் என்று வற்புறுத்தியவர் மேனேஜர்தான். அதிகாரி அக்காவைப் பார்த்து, "அந்த மாசம் நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்றார்.

"மொதலாளி வயல்லதாங்க. அவருதானுங்க வரப்புல நின்னு, சீக்கிரம் நடுங்கடின்னு நாத்து முடிய வீசுனாரு. வருசா வருசம் அப்படித்தானுங்க."

திரும்பும் பேருந்தில் குழந்தையை அக்கா மடியில் வைத்திருந்தார். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "எட்டுத் தடவ போயிருக்கேன், எட்டுத் தடவ வந்திருக்கேன். நாகூர் கந்தூரிக்குக்கூட முழுசா ரெண்டு நாள் போனதில்ல பாப்பா நானு!" நானும் சிரித்தேன். சிரித்து முடிந்தபின் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஒன்பது வருடமும் விடாமல் பார்த்த ஒரே பணிதான், பணிக்கொடை தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. முதலாளி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார். அக்கா வாய்தாவுக்கு வாய்தா போய் வருகிறார். பத்திரிகையில் மாதாமாதம் அந்தச் செய்தி வருகிறது, வேலைக்குத் திரும்பியோர் அதிகரிப்பு என்று. ஊரை விட்டு அசையாத ஒரு பெண் அதில் எட்டு முறை நல்ல செய்தியாக இருந்திருக்கிறார். கூடவே, இளம்பெண்கள் பிள்ளை பெற்றதும் ஏன் வேலையை விடுகிறார்கள் என்று பெரிய மனிதர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. போன வாரம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் பெயரில் ஒரு மனுவோடு அதே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அக்கா துணைக்கு வந்தார். மனுவை வாங்கிய எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"எப்பம்மா வேலைய விட்டீங்க?"

"விடலைங்க" என்றேன். அவர் நிமிர்ந்தார். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "நான் விடலைங்க."