விளக்கம் தேவைப்படும் வாடிக்கையாளர்

“எவ்வளவு சொன்னாலும் புரியாத முதியவர். பொறுமையாக விளக்கவும்” என்று காப்பீட்டு நிறுவனத்தின் குறிப்பு அவரை வர்ணித்தது. அந்த முதியவரோ ஓய்வுபெறும் வரை அரசு ஊழியர்களின் மருத்துவச் செலவுகளைச் சரிபார்த்த தலைமை எழுத்தர். அரசுத் திட்டம் எதைக் கொடுக்கும், எதற்குக் கையை விரிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். விரித்த கைக்கு அப்பால் நிற்கும் மிச்சத்தைக் கட்டத்தான் கூடுதல் காப்பீடு என்பதும் தெரியும். மனைவி போன பிறகு மாலைப்பொழுதை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. ஆகவே வாராவாரம் முகவர் பெண்ணை வரவழைத்து, ஒன்றும் புரியாதவராக உட்கார்ந்திருந்தார்.

“ரூம் வாடகை யாரு குடுப்பாங்கன்னு சொன்னே?”

“ஒரு வரம்பு வரைக்கும் அரசாங்கம், அதுக்கு மேல நாங்க. விடிய விடிய கதை கேட்ட மாதிரி இருக்கே சார்!” என்று அவள் வழக்கமாகச் சிரிப்பாள்.

அன்று சிரிக்கவில்லை.

“நாளையோட கெடு முடியுது சார். அப்புறம் சேர்ந்தா உங்க சர்க்கரை நோய்க்கு ரெண்டு வருஷம் ஒண்ணும் கிடைக்காது. இன்னைக்கும் வெறுங்கையோட போனா என் வேலையும் போயிரும். ‘ஒரே ஆளைக் கட்டிக்கிட்டு அழறியே’ன்னு மேனேஜர் கத்துறார்.”

கையெழுத்துப் போட்டுவிட்டால் அவள் இனி வர வேண்டிய அவசியமே இல்லை.

“இப்பவாவது புரியுதா சார்?”

“புரிஞ்சுபோச்சும்மா.”

பேனாவை வாங்கி, அவள் இடம் காட்டுவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.