சி டிரைவைக் காலி செய்த வெள்ளிக்கிழமை

பெரம்பலூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். காலேஜில் எனக்குக் கொடுத்தது. ஆனால் பகலெல்லாம் அக்காவிடம்தான் இருக்கும். அக்கா தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அரியலூரில் ஒரு டி.டி.பி. கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். கடைக்கார அண்ணன் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங்குக்கு மாறியதும் வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்க ஆரம்பித்தாள்.

போன வருஷம் அவள் கையில் ஒரு பிஎச்.டி. ஆய்வேடு இருந்தது. மீன்சுருட்டிப் பக்கம் தமிழ் வாத்தியாராக இருக்கும் ஒரு சாருடையது. ஏரி, குளங்களின் பெயர்களைப் பற்றியது. இருநூற்றுப் பத்துப் பக்கம் வரும், அதில் இன்னும் முப்பது பக்கம்தான் பாக்கி. திங்கட்கிழமை சார் வந்து வாங்கிப் போய் பைண்டிங் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை யுனிவர்சிட்டியில் கடைசி நாள்.

இந்த நேரம் பார்த்து லேப்டாப் மூச்சு முட்டி நின்றது. சி டிரைவ் பட்டை முழுக்கச் சிவப்பு. படம், பாட்டு, பழைய அப்டேட் எல்லாவற்றையும் நான் அழித்துப் பார்த்தாயிற்று. ரெண்டே நாளில் மறுபடியும் சிவப்பாகிவிடும். எது தின்கிறது என்று தேடுவதைவிட மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ். போடுவது மேல் என்று எனக்குத் தோன்றியது. அதுவரை செய்ததில்லை. வீடியோவில் பார்த்ததுதான். கை துறுதுறுத்தது.

“அக்கா, ஃபார்மட் அடிச்சுடுறேன். ரெண்டே மணி நேரம்.”

“திங்கக்கிழமை முடியட்டும்டி. அப்புறம் நீ அதக் குளிப்பாட்டிப் பொட்டு வச்சுக்க.”

“சேவே ஆவலங்கற. திங்கக்கிழமை வரைக்கும் என்ன பண்ணுவ?”

அவள் லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ஒரு பென்டிரைவில் ஓ.எஸ்., இன்னொன்றில் பேக்கப். அக்காவின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, இந்தப் பக்கம் எத்தனை ஃபைல், அந்தப் பக்கம் எத்தனை ஃபைல் என்று எண்ணிக்கூடப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. “வேற எங்கயாவது எதாவது வச்சிருக்கியா?” என்று மூணு தடவை கேட்டேன். “எல்லாம் அந்த ஃபோல்டர்லதான்டி” என்று மூணு தடவை சொன்னாள். பிறகு பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக அழித்தேன். திரையில் ஒரே ஒரு வெற்றிடம் மிஞ்சியது. அதன்மேல் புது சிஸ்டம் ஏறியது. மத்தியானத்துக்குள் முக்கால்வாசி டிஸ்க் காலி. ஆன் ஆக ஏழு நிமிஷம் எடுத்தது இப்போது இருபது நொடியில் ஆனது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் உட்கார்ந்து நாலாவது இயலைத் திறந்தாள். பக்கம் முழுக்க ஆங்கிலச் சின்ன எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். மூணாவது இயலும் அப்படித்தான், முதல் பக்கமும் அப்படித்தான்.

“கவுத்துட்டியேடி” என்றாள்.

ஃபைல் கெட்டுப்போச்சு என்றே நினைத்தேன். அக்கா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அப்போது அவள் விரல்கள் மேஜை விளிம்பில் தானாகத் தட்ட ஆரம்பித்தன. கண் ஆங்கில எழுத்தைப் பார்க்கிறது, விரல் அந்த இடத்தைத் தட்டுகிறது, வாய் தமிழில் சொல்கிறது.

“இரு. இது ‘பெரியேரி’. இது ‘தாமரைக்குளம்’. அப்படியேதான்டி இருக்கு!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போனில் தமிழ் அடித்துப் பழகியவள். எந்த மெஷினுக்கு அனுப்பினாலும் அது தமிழாகவே தெரியும். அக்கா அடிப்பது பழைய முறை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே போட்டிருக்கும் ஃபாண்ட்தான் அதைத் தமிழாகக் காட்டும். அந்த ஃபாண்ட் அவள் ஃபோல்டரில் இல்லை. நான் துடைத்த சி டிரைவுக்குள் இருந்தது.

அதே பேரில் நெட்டில் ஒன்று கிடைத்தது. போட்டுப் பார்த்தால் பத்துச் சொல்லுக்கு ஒன்று தப்பு, எண்களெல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. அரியலூர் கடை அண்ணன் தன் வசதிக்கு மாற்றி வைத்த ஃபாண்டாம் அது. பழைய எழுத்தைப் போன் தமிழாக மாற்றித் தரும் வெப்சைட்டிலும் அதே கதைதான். நூற்றெண்பது பக்கத்தை வரிக்கு வரி திருத்த ரெண்டு நாள் போதாது.

“சாரோட சிஸ்டத்துலயும் அந்த ஃபாண்டப் போட்டுக் குடுத்திருக்கேன்” என்று அக்கா போனை எடுத்தாள். என்னைப் பற்றிச் சொல்லிவிடாதே என்று கையால் சைகை காட்டினேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

“சார், என் தங்கச்சி ஓ.எஸ். மாத்துனா. ஃபைலெல்லாம் பத்திரங்க. ஃபாண்ட மட்டும் எடுக்க மறந்துட்டா. உங்ககிட்ட இருக்குதுங்களா?”

“அப்ப அது வைரஸ் இல்லையாம்மா?” என்றார்.

“எதுங்க சார்?”

“நானும் பத்து நாளைக்கு முன்னாடி ஃபார்மட் அடிச்சேன். மெமரி ஃபுல்லுன்னாங்க. அதுலேருந்து எல்லாம் ஏதோ இங்கிலீஷ்ல வருது. உங்கிட்ட ஒண்ணு இருக்கேன்னு தைரியமா இருந்தேன்.”

“நானும் அப்படித்தாங்க சார் இருந்தேன்.”

மறுநாள் காலையில் அரியலூர் பஸ் பிடித்தேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேரும்போது மணி பதினொன்று. அண்ணன் ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸில் ஏழு தாய்மாமன்களை ஒரே வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஃபார்மட்டா? இந்த மெஷின் வாங்குனதுலேருந்து நான் ஒரு ஃபைலு அழிச்சதில்ல தாயி.”

உண்மைதான். அவர் சி டிரைவும் சிவப்பாகவே இருந்தது. ஃபாண்ட் ஃபோல்டர் திறக்கவே பத்து நிமிஷம் ஆனது. “அண்ணே, இதக் கொஞ்சம் கிளீன் பண்ணி...” என்று ஆரம்பித்தேன்.

“கைய வச்சிராத. உங்கக்கா பாவம் ஒண்ணு போதும்.”

அதே பேரில் மூணு ஃபாண்ட் இருந்தது. எதை அக்காவுக்குக் கொடுத்தார் என்று அவருக்கும் ஞாபகம் இல்லை. மூணையும் போனில் அனுப்பினேன். அக்கா லைனிலேயே இருந்தாள்.

“மொதோ... இல்லடி. ரெண்டாவது... எழுத்து சரி, நம்பர் வரல. இரு.”

கடை வாசலில், பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்குள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

“மூணாவதுதான். வந்துடுச்சு. சரி வை, எனக்கு முப்பது பக்கம் கெடக்கு.”

ஞாயிறு முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. திங்கள் காலையில் சார் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பிரிண்ட் எடுத்த கட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். நடுவில் ஒன்றைப் பிரித்து எண்களில் விரல் வைத்துப் பார்த்தார். கடைசிப் பக்கத்தையும் பார்த்தார்.

“தமிழ்தாம்மா” என்றார் அக்காவிடம். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.