படங்கு ஆட்டிய மலை

ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் எனக்கு முதலில் வருவது நனைந்த சாக்கின் வாடைதான்.

இன்று காலை மஸ்கெலியாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்தில், சுற்றுலாக்காரர்களோடு ஒன்று இறங்கியது. நரைத்த விமானி எங்கள் லயத்து வீட்டு வாசலில் பிளேன்டீ குடித்தபடி சிங்களத்தில் சொன்னார்: "யுத்தத்தில் இந்த மலைகளைத் தாண்டித்தான் வடக்கே போவேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் துணியை ஆட்டி வழியனுப்புவார்கள். சுட்டுவிட்டுத் திரும்பினால் அதை நினைத்துத்தான் தூங்குவேன்."

அவர் பேசப் பேச நான் சிறுவயதுப் பனிக்குள் நழுவிக்கொண்டிருந்தேன். பனிக்கு அப்பால் எங்கோ ஒரு வண்டு முனகும். அது பெருகி ஹெலிகொப்டராகும். வடக்கே வன்னிக்குக் குடிபோய், சண்டையில் தப்பி வந்திருந்த அத்தை அலறுவாள்.

"ஓடாதீங்கடி! ஓடுனா புலின்னு சுட்டுருவான். படங்க அவுத்து ஆட்டுங்க, கொழுந்தெடுக்குற ஆளுங்கன்னு தெரியட்டும்!"

இடுப்பில் கட்டிய சாக்குப் படங்குகள் மலை முழுக்கப் பறவைகளாய் எழும்பும். அம்மா ஒரு கையால் ஆட்டுவாள். மறு கையால் என் தலையைத் தேயிலைச் செடிக்குள் அமுக்குவாள். வாயெல்லாம் பச்சைக் கசப்பு.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கும் சிங்களம் தெரியும்.

"உண்மையச் சொல்லிரவாம்மா?" என்றேன்.

"வேணாம்டா. அந்த மனுசன் தூங்கட்டும்."

ஹெலிகொப்டர் கிளம்பியது. அம்மா தலைத்துண்டை உருவி ஆட்டினாள். மேலிருந்து அவர் சிரித்துக் கையசைத்தார்.

அம்மாவின் மறு கை, நரைக்கத் தொடங்கிவிட்ட என் தலையைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது.