பருப்புத் தேங்காய் ஏறிய கார்

எர்ணாகுளத்தில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு மனைவியோடு திரும்பும்போது, தோப்பும்படிப் பாலத்தின் மேல் காரின் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சட்டென்று ஓரம் கட்டி, ஆறவிட்டு, கூலன்ட் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, ஒருவழியாக மட்டாஞ்சேரி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

மாலையில் திருப்பூணித்துறையில் மனைவியின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். பருப்புத் தேங்காய் எங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். வெல்லப் பாகில் கடலையைச் சேர்த்து, கூம்பாக இறுக்கி, ஜரிகைத் தாள் ஒட்டி, ஒரு ஜோடி மேசைமேல் தயாராக நின்றது. உடைந்தால் அபசகுனம் என்று என் மனைவி நம்புகிறாள். அவள் தங்கை நம்புவதோடு நிற்க மாட்டாள், ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். ஆட்டோவில் ஏற்றினால் முதல் குழியிலேயே அது கடலை உருண்டை. ஆகவே கார் ஓடியே தீர வேண்டும்.

எதிர்வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். திறந்த பானெட்டைக் கண்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாத மனிதர்.

"சாரே, ரேடியேட்டர் மூடியத் தொறந்து கொறச்சு வெள்ளம் விட்டா போதும்."

"சூட்டோட தொறந்தா ரெண்டு பேர் மூஞ்சியும் வெந்துடும் சேட்டா."

"அப்போ ஞான் தள்ளி நிக்காம். சாரு தொறந்தோ."

நான் திறக்கவில்லை. ஆறும்வரை காத்திருப்பதே முறை. வேலையில் இருந்த காலமெல்லாம் முறைகளை எழுதி, அவற்றை யாரும் படிக்காததைக் கண்காணித்தவன் நான்.

ஆறியதும் டப்பா, மூடி, மேல் குழாய் என்று வரிசையாகப் பார்த்தேன். அடியில் செய்தித்தாள் விரித்தேன். சொட்டு இல்லை. பிறகு முன்சீட்டின் கதவைத் திறந்தால், கால்மிதியில் இளஞ்சிவப்புக் குட்டை. கூலன்டும் அதே நிறம். இடமும், டாஷ்போர்டுக்குள் கூலன்ட் ஓடும் ஹீட்டர் கோருக்கு நேர் கீழே, பாடப்புத்தகத்தில் சொன்ன இடம்.

"ஹீட்டர் கோர் ஒழுகறது. டாஷ்போர்டைக் கழட்டணும். இன்னிக்கு வண்டி நகராது" என்று அறிவித்தேன்.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுவா? இது என்னோட பதிமுகத் தண்ணின்னா. பாலத்துமேல நீங்க போட்ட பிரேக்குல குப்பி கவுந்துடுத்து."

பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய சிவந்த தண்ணீரைத்தான் இங்கே தாகத்துக்குக் குடிக்கிறோம். விரலில் தொட்டுத் தேய்த்தேன். கூலன்ட் வழுக்கும், இது வழுக்கவில்லை. இந்தச் சோதனைதான் முதலில் வர வேண்டியது.

"சாரின்ற ஹீட்டர் கோருக்கு தாகம் போலும்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து எஞ்சினை ஓடவிடச் சொன்னேன். சூடேறி அழுத்தம் கூடியதும், ரேடியேட்டரின் கீழ்க்குழாய் இணைப்பில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. துருப்பிடித்த கிளிப் தளர்ந்திருந்தது. மறுபடி ஆறவிட்டு, எதிர்வீட்டுத் தகர டப்பாவிலிருந்து வந்த புதுக் கிளிப்பை முடுக்கி, கூலன்ட் நிரப்பி, குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். இன்னொரு முறை ஓடவிட்டதில் செய்தித்தாள் காய்ந்தே கிடந்தது.

"வழியில முள் ஏறினா ஏ.சி.யை அணைச்சு ஹீட்டரைப் போடணும். எஞ்சின் சூட்டை அது இழுத்துக்கும்" என்றேன் மனைவியிடம், கிளம்பும்போது.

"போடுங்கோ. வெல்லம் இளகி, பருப்புத் தேங்காய் பாயசமா எறங்கட்டும்."

பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே இரண்டு கூம்புகளும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்து வந்தன. வைற்றில சந்திப்பின் நெரிசலில் முள் நடுவிலிருந்து கொஞ்சம் மேலே நகர்ந்தது. என் கை ஹீட்டர் குமிழுக்குப் போனது. மனைவியின் கை அங்கே ஏற்கெனவே இருந்தது.

"தொட்டேளானா நான் எறங்கி நடப்பேன்."

"பருப்புத் தேங்காயோடயா?"

"அதுகளோடதான்."

அதற்கான முறை எதையும் நான் படித்ததில்லை. நல்லவேளை, நெரிசல் விலகி வண்டி வேகம் எடுத்தது. காற்றுப் பட்டதும் முள் தன் இடத்துக்கு இறங்கியது.

திருப்பூணித்துறையில் மைத்துனி இரண்டு கூம்புகளையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். விரிசல் எதுவும் அகப்படவில்லை. அவள் முகம் சற்று வாடியது.

"ஒண்ணு கொஞ்சம் சாஞ்சாப்ல இல்லே?"

"நேரா நின்னு பாருடி. சாஞ்சது ஒன் கழுத்து" என்றாள் என் மனைவி, தட்டில் அவற்றை எடுத்து வைத்தபடி.