ஏரிக்கரையில் மாறும் சீட்டு

ஞானம்மா வாயைத் திறந்தால் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலையே அணைந்துவிடும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். உலை அணையாது, பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர்தான் அணைவார்.

பெரியபாளையத்துக்காரி. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றபடி உதிரி பாகங்களைப் பெட்டியில் அடுக்கி வந்தாள். கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. நிற்காதே என்றார் டாக்டர். நிற்காவிட்டால் யார் சோறு போடுவார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

கம்பெனி பஸ் இரண்டு ஓடியும் பாதிப் பேர் நின்றுதான் போகவேண்டும். அதற்குப் பெண்களே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பாதி வழியில் ஏரிக்கரை வளைவு வந்ததும் உட்கார்ந்திருப்பவள் எழுந்துவிடுவாள், நின்றவள் உட்காருவாள். கேட்கவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

செலவைக் குறைக்க யோசனை சொல்லப் பூவராகவன் என்ற பொருளாதார நிபுணர் சென்னையிலிருந்து வந்தார். பஸ்ஸில் ஏறாமலே பஸ்ஸை ஆராய்ந்துவிடும் மேதை. கேன்டீனில் உட்கார்ந்து, காபி ஆறுவதற்குள் ஆராய்ச்சியை முடித்தார்.

"பஸ்ல உட்கார இடம் கிடைக்குதாம்மா?"

இல்லை என்று சொன்னால் எழுந்து இடம் கொடுத்தவளுக்கு அவமானம். எல்லோரும் "கெடைக்குது சார்" என்றார்கள். ஞானம்மா இன்னும் ஒரு படி ஏறி, "எங்க பஸ்ல சீட்டு கெடைக்காதவளே கெடையாது சார்" என்று பெருமையடித்தாள்.

ஒரு பஸ்ஸே போதும் என்று அவர் எழுதிக்கொடுக்க, அடுத்த மாதம் ஒரு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஒரு சீட்டுக்கு நான்கு பேர் என்றானபின் ஏரிக்கரை வந்தென்ன, போயென்ன? ஞானம்மாவின் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. இப்படியே போனால் வேலையை விடவேண்டியதுதான்.

மறுபடி வந்த பூவராகவனைக் கம்பெனி கேட்டிலேயே மடக்கினாள்.

"பாதி வழி நின்னுகினு வந்துதான் சார் குந்துறோம். அத்த நீ கேக்கவே இல்லியே!"

"நீங்க சொன்ன உண்மையைத்தான்மா நான் சொன்னேன். நல்லது கெட்டது சொல்றது என் வேலை இல்ல. நியாயத்தை மேனேஜ்மென்ட் பார்த்துக்கும்."

மேனேஜரிடம் போனால், "நாங்க இன்னாம்மா பண்றது? ஆராய்ச்சி அப்படிச் சொல்லுது" என்றார். நியாயம் இவரிடம் இல்லை, அவரிடம் இருக்கிறதாம். அவரிடம் இல்லை, இவரிடம் இருக்கிறதாம். இரண்டு பேருக்கும் போக வரக் கார் மட்டும் இருந்தது.

ஞானம்மா விடவில்லை, திரும்பப் பூவராகவனிடமே வந்தாள். "ஒரு பஸ்ஸு போதும்னியே, அது உண்மையா சார், உன் ஆசையா?"

"அது செயல்திறன்மா."

"அது எந்த ஊரு சாமி? எதுனா பலி கேக்குதா?"

அப்புறம் என்ன, பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவரை அந்த ஒற்றை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கினார் மேதை. ஏரிக்கரை வந்தது, ஒருத்தியும் எழவில்லை. பெரியபாளையத்தில் இறங்கியவர் பவானி அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளே இரண்டாவது பஸ்...

"ஆயா, சும்மா அளக்காத," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் பேத்தி சோனியா, ஞானம்மாவின் மகள். "அந்தாளு கார்லதான் போனாரு. பஸ்ஸும் வர்ல. அம்மா போன வாரமே வேலய உட்டுட்டாங்க. அந்த எடத்துல இப்ப நான்தான் நிக்கறேன்."